சுரண்டல் வேலை

வஃப்ராவில்
வெள்ளரிக்காய்க் கூடாரங்களைத் தாண்டினால்
ஒரு கோட்டை வருகிறது.
போன வருடம்வரை அங்கே கோழிப்பண்ணை.

பு மிஷாரிக்கு முழங்கால் வலி.
கோடைதோறும் செக் நாட்டு வெந்நீர் ஊற்றில்
கால் நனைத்துவிட்டு வருவார்.
போன கோடையில் டாக்டர் நடக்கச் சொன்னாராம்.
நடந்தாராம். ஏதோ ஒரு சிற்றூர்.
பெயரில் நாலு மெய், ஓர் உயிர்,
அதுவும் கடைசியில்தான் வந்து சேர்கிறது.
ஊர் நடுவே குளம், குளத்தில் வாத்து,
வாத்துக்குப் பின்னால்
எந்தப் பிரபுவோ விட்டுப்போன மாளிகை.

போனில் அறுபத்திரண்டு படம் எடுத்திருக்கிறார்.
அறுபத்தொன்றில் அவர் விரல்தான் இருக்கிறது.
மீதி ஒன்றை வைத்துக்கொண்டு
நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கோபுரம் ஃபைபரில் செய்து
லாரியில் படுத்தபடி வந்தது.
அகழிக்கு பலதியா அனுமதி தரவில்லை.
சுவர் என்னிடம் வந்தது.

கரி கலந்த சுண்ணாம்பு முதலில்.
அதன்மேல் பால்வெள்ளையாய் ஒரு மெல்லிய பூச்சு.
காய்வதற்குள் ஆணியால் சுரண்டினால்
உள்ளேயிருக்கும் கறுப்பு கோடாக வரும்.
புது வேலை ஒன்றுமில்லை.
ரீசார்ஜ் அட்டையைக் காசால் சுரண்டிய பழக்கம்
விரலில் இன்னும் இருக்கிறது.
எண் தெரிகிறதா என்றுதான்
ஒவ்வொரு கோட்டிலும் கண் போகிறது.

பகலில் ஆகாது.
ஐம்பது டிகிரியில் பூச்சு
கரணையிலேயே பொரிந்துவிடும்.
ராத்திரி பத்துக்குச் சாக்கு நனைத்துச் சுவரில் போர்த்தி,
மொஃபிஜுல் விளக்குப் பிடிக்க,
மூன்றேகால் பாங்குவரை சுரண்டுவோம்.

படத்தைப் பெரிதாக்கினால் தெரிகிறது:
சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாய்த் தபால் உறை.
மடித்து ஒட்டி, முகவரி எழுதாமல் விட்டவை.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சித்திரம்.
"எண்ணூறு வேண்டும்," என்றார் உஸ்தாத் ரம்சி.
"எண்ணூறும் வேறு வேறாக."

முதல் எழுபதுக்குப் பூ போதுமாக இருந்தது.
பிறகு இலை. இலை தீர்ந்து வாத்து.
வாத்தை எத்தனை விதமாகத்தான் வரைவது?
நூற்றிருபதில் தண்ணீர் டாங்கர்.
அடுத்ததில் அதை ஓட்டும் குல்சமானின் தொப்பி.
கேம்ப்பில் பாதி எரியும் அடுப்பு.
இருபது பேருக்கு ஒரு வாளி.
ரம்சியின் மீசையைத் தலைகீழாய்ப் போட்டேன்.
"நல்ல படகு," என்றார் ரம்சி.

மொஃபிஜுல் தனக்கும் ஒன்று வேண்டும் என்றான்.
மண்ணில் விரலால் எழுதிக் காட்டினான்:
ஒரு சுழி, ஒரு நீள இழுப்பு, மேலே இரண்டு புள்ளி.
உங்கள் ஊர் ஆறா என்றேன்.
இல்லையாம்.
பில்லில் பு மிஷாரி போட வேண்டிய கையெழுத்தாம்.
முதல் மாதம் ஒருமுறை பார்த்திருக்கிறான்.
அது விழுந்தால்தான் கம்பெனி எங்களுக்குச் சம்பளம் போடும்.
நாலு மாதமாய் விழவில்லை.
அப்படியே சுரண்டி வைத்தேன். அறுநூற்றொன்பது.

அன்றைக்குப் பார்த்து அவருக்குத் தூக்கம் வரவில்லை.
கைத்தடி சத்தம் முன்னால் வர
அவர் பின்னால் வந்தார்.
இந்தக் கோடை ஊற்றுக்குப் போகவில்லை,
கோட்டை முடியட்டும் என்று இருந்துவிட்டார்.
ஒவ்வோர் உறையாய்ப் பார்த்தார்.
பூவுக்கு மாஷா அல்லாஹ். வாத்துக்குச் சிரிப்பு.
டாங்கரைத் தொட்டுத் தலையாட்டினார்.
அந்தச் சுழியின் முன்னால்
கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

மொஃபிஜுலின் விளக்கு ஆடியது.
அவர் முழங்காலும்.

விழாமல் இருக்கச் சுவரில் கை ஊன்றினார்,
ஈரத்தில், ஐந்து விரலும் பதிய.
ஒன்றும் சொல்லாமல்
உள்ளங்கைச் சுண்ணாம்பை அங்கியில் துடைத்தபடி
இருட்டுக்குள் போய்விட்டார்.

பூசி மறைக்க நேரமில்லை,
ஓரம் காயத் தொடங்கிவிட்டது.
படங்களிலெல்லாம் பார்த்துப் பழகிய விரல்.
சுற்றிக் கட்டம் இழுத்து,
மேலே மடிப்புக் கோடு போட்டு
அதையும் ஓர் உறை ஆக்கினேன்.

மொஃபிஜுல் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தான்.
"கை இருக்கு, பாய். பக்கத்திலேயே கையெழுத்தும் இருக்கு.
தேதி மட்டும் போட்டால் போதும்."

பாங்கு சொல்லிவிட்டார்கள்.
இன்னும் நூற்றுத் தொண்ணூறு.